ஆறாவது என்றால் அவ்வளவு இளக்காரமா?

தேவாலாவில் மூன்று நாளாக மழை விடவில்லை. பதிவு கொஞ்சம் நீளம், பொறுமையாகப் படியுங்கள்.

போன வாரம் நம் சென்னை கருண் சந்தோக் பற்றி எழுதியிருந்தேன். பிரான்சில் நடக்கும் லெ மான் 24 மணி நேரக் கார் பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியர். 2012இல் அவர் அணிக்கு 6ஆம் இடம். அதற்குக் கீழே பழைய மாணவன் ஒருவன், "ஆறாவதுக்கெல்லாமா சார் பதிவு?" என்று கேட்டிருக்கிறான். அதற்குச் சிரித்தவர்களில் என் சொந்தங்களும் உண்டு.

தம்பி, உனக்குக் கணக்கு சொல்லித் தந்தவன் நான். கணக்காகவே சொல்கிறேன்.

அன்று புறப்பட்டவை 56 கார்கள். கருண் அணிக்கு முன்னால் முடித்தவை 5. அதில் 4 கார்கள் ஆடி நிறுவனமே நேரடியாக இறக்கியவை. டொயோட்டா நிறுவனம் இறக்கிய இரண்டு கார்களும் பந்தயத்தை முடிக்கவே இல்லை. கருண் ஓட்டியது ஜேஆர்எம் என்ற தனியார் அணியின் ஹெச்பிடி ஏஆர்எக்ஸ்-03ஏ. ஹோண்டாவின் வி8 பெட்ரோல் என்ஜின். அந்த வருடம் உலகத் தொடரின் முதல் வகுப்பில் இந்தக் காரை வைத்திருந்தவை இரண்டே அணிகள். அமெரிக்கத் தொடரில் அதே வருடம் சாம்பியன் ஆனதும் இதே ரகக் கார்தான். டேவிட் பிரபாம், பீட்டர் டம்பிரெக், கருண் மூவரும் மாறி மாறி, இரவும் பகலும் ஒரே காரை ஓட்டிக் கரை சேர்த்தார்கள். நாமோ கூடலூரிலிருந்து ஊட்டி போய்ச் சேர்வதற்குள் இடுப்பைப் பிடித்துக்கொள்கிறோம்!

அங்கே புறப்படுவதற்கே கொடுப்பினை வேண்டும். 2009இல் கோவை நரேன் கார்த்திகேயனுக்கு ஆடி ஆர்10 கார் தயாராக நின்றது. 2006, 2007, 2008 மூன்று வருடமும் லெ மானில் ஜெயித்த ரகம். பந்தயம் தொடங்கும் முன் தோள்பட்டையில் அடிபட்டு, அவர் ஓட்ட முடியாமலே போனது.

இன்னொன்றும் கேட்கிறேன். 2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேரப் பந்தயத்தில் அஜித்குமார் அணி தன் பிரிவில் 3ஆம் இடம் பிடித்தது. எல்லோரும் கொண்டாடினோம், நானும்தான். அன்று யாராவது "மூன்றாவதுதானே" என்றீர்களா? நடிகருக்கு ஒரு கணக்கு, மற்றவருக்கு ஒரு கணக்கா?

இதை இவ்வளவு காரமாக எழுதக் காரணம் கார் அல்ல. என் தம்பி பேத்தி அரையாண்டுத் தேர்வில் வகுப்பில் ஆறாவது. அம்மாவுக்கு உடம்பு சரியில்லாமல் வீட்டு வேலையும் பார்த்துக்கொண்டு படித்த பிள்ளை. குடும்பக் குரூப்பில் அவளுக்கு வந்த முதல் பதில், "முதல் ரேங்க் யாரு?" அதன்பிறகு அவள் அந்தக் குரூப்பில் பேசவே இல்லை.

எனக்கும் இதில் பங்கு உண்டு. முப்பது வருடத்துக்கு மேல் முதல் மூன்று பேரை மட்டுமே மேடைக்குக் கூப்பிட்டவன் நான். எஸ்டேட் லயத்திலிருந்து மழையில் நடந்து வந்து, ஒரு நாளும் லீவு போடாத பிள்ளைகள் கீழே உட்கார்ந்து கை தட்டினார்கள். அவர்களில் யாராவது இதைப் படித்தால் இந்த வாத்தியாரை மன்னியுங்கள்.

சொந்தங்களே, இன்று ராத்திரி அந்தப் பிள்ளைக்கு ஒரு போன் போடுங்கள். யார் முதலில் வந்தார்கள் என்று மட்டும் கேட்காதீர்கள்.