பல்பு மினுக்குதா? பல்பை மட்டும் மாத்தினா போதாது!

மயிலாப்பூரிலோ மதுரை மாசி வீதிப் பக்கமோ, 40 வருஷப் பழைய வீட்டில் வாடகைக்கு இருப்பவர்களுக்குப் பழகிப்போன காட்சி இது. ஹால் லைட் மினுக்கும். புது எல்இடி பல்பு மாட்டினால் நாலு நாள் ஒழுங்காக எரியும். மறுபடி அதே கூத்து. ஹவுஸ் ஓனரிடம் சொன்னால், "எரியுதுல்ல சார், அப்புறம் என்ன?" என்பார்.

எரிவதுதான் பிரச்னையே.

மினுக்கலுக்குப் பெரும்பாலும் காரணம் லூஸ் கனெக்‌ஷன். ஒரு லைட் மட்டும் மினுக்கினால் ஹோல்டரிலோ ஸ்விட்ச்சிலோ கோளாறு. ஒரு ரூம் முழுக்க மினுக்கினால் ஜங்ஷன் பாக்ஸில் ஏதோ ஜாயின்ட் விட்டிருக்கலாம். மூணு ஃபேஸ் கனெக்‌ஷன் உள்ள வீட்டில் சில லைட் மங்கி, சில லைட் திடீரென்று பளீரென எரிந்தால் யோசிக்கவே வேண்டாம், மெயினை ஆஃப் பண்ணுங்கள். நியூட்ரல் விட்டுப்போயிருந்தால் 230 வோல்ட் வரவேண்டிய இடத்தில் 400 வோல்ட் வரைகூட ஏறும். டிவி, ஃப்ரிட்ஜ் எல்லாம் காலி.

'எம்சிபி இருக்கே, ட்ரிப் ஆகிடுமே' என்று பலரும் நம்புகிறார்கள். ஆகாது. எவ்வளவு கரன்ட் போகிறது என்பதை மட்டும்தான் எம்சிபி பார்க்கும். லூஸ் ஜாயின்ட்டில் கரன்ட் அதிகமாவதில்லை, அந்த ஒரு இடம் மட்டும் சூடாகிக்கொண்டே இருக்கும். ஸ்விட்ச் போர்டு பழுப்பாவதும், பிளாஸ்டிக் கருகும் வாசனை வருவதும் அதனால்தான். பழைய அலுமினிய வயரில் இது இன்னும் மோசம். சூடாகி, ஆறி, சூடாகி ஸ்க்ரூ பிடி தளர்ந்துவிடும். அதோடு புது செப்பு வயரைச் சும்மா முறுக்கி டேப் சுற்றியிருந்தால், கேட்கவே வேண்டாம்.

இதைவிடக் கொடுமை, ட்ரிப் ஆகிறது என்று பெரிய எம்சிபி மாட்டுவது. லைட் லைனில் வழக்கமாக ஓடுவது 1.5 சதுர மி.மீ. வயர். அதற்கு 32 ஆம்பியர் எம்சிபி போட்டால், அது விழுவதற்குள் வயரின் இன்சுலேஷன் வெந்துவிடும். பீங்கான் ஃபியூஸில் ஒரு இழைக்குப் பதில் நாலு இழை கட்டுவதும் இதே கதைதான்.

ஸ்விட்ச்சை ஆஃப் செய்த பிறகும் எல்இடி மங்கலாக ஒளிர்கிறதா? ஸ்விட்ச்சில் குட்டி இண்டிகேட்டர் லைட் இருந்தால் பயமில்லை. இல்லையென்றால், ஃபேஸுக்குப் பதிலாக நியூட்ரலில் ஸ்விட்ச் கொடுத்திருக்க வாய்ப்புண்டு. ஸ்விட்ச் ஆஃபில் இருந்தாலும் ஹோல்டரில் கரன்ட் இருக்கும். அந்த வீட்டில் மெயினை அணைக்காமல் பல்பில் கை வைக்கக் கூடாது.

சரி, செலவு யாருடையது? இங்கேதான் வாடகைதாரர்கள் ஏமாந்துபோகிறார்கள். 2017-ம் ஆண்டு தமிழ்நாடு வாடகைச் சட்டத்தின் இரண்டாவது அட்டவணை பராமரிப்பு வேலைகளைப் பிரித்துக் கொடுத்திருக்கிறது. ஸ்விட்ச், சாக்கெட் ரிப்பேர் வாடகைதாரர் பொறுப்பு. வீட்டின் உள், வெளி வயரிங் உரிமையாளர் பொறுப்பு. ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதியிருந்தால் கதை மாறும், அதனால் கையெழுத்துப் போடும் முன் அந்த வரியைத் தேடிப் படியுங்கள். பத்து மாச அட்வான்ஸ் வாங்கத் தெரிந்தவருக்கு வயர் மாற்றத் தெரியாதா என்ன?

ஆனால் வாயால் சொன்னால் வேலை நடக்காது. லைசென்ஸ் உள்ள வயர்மேனைக் கூப்பிட்டு, 'மெக்கர்' வைத்து இன்சுலேஷனைச் சோதிக்கச் சொல்லுங்கள். 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி இருக்கிறதா, எர்த் உண்மையில் வேலை செய்கிறதா என்பதையும் பார்க்கச் சொல்லுங்கள். அவர் சொன்னதை எழுதி வாங்கி, கருகிய போர்டின் போட்டோவோடு ஓனருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். தேதியோடு பதிவாகிவிடும்.