சத்துணவு உலைக்கு வெயில் போதும்

உத்திரமேரூரை அடுத்த திருப்புலிவனம் போன்ற ஊர்களில் சூரிய சக்தி என்றாலே மின்பலகைதான் என்றாகிவிட்டது. 2019இல் வந்த பிஎம்-குசும் திட்டம் வயல் மோட்டாருக்கு வழிசெய்தது. 2024இல் வந்த சூர்ய கர் திட்டம் வீட்டு மாடிக்குப் பலகை தருகிறது. இரண்டும் நல்லவையே. ஆனால், சத்துணவுக் கூடத்தில் உலை கொதிக்கவும், நெல் அவியவும் வேண்டியது சூடு. அதை வெயிலிலிருந்து நேராக எடுக்கும் குழியாடிக் கலன்களுக்கும் அரசு இடம் தர வேண்டும்.

இது சோதித்துப் பார்க்காத யோசனையல்ல. ஆரோவில் பொதுச் சமையற்கூடத்தின் மாடியில் 15 மீட்டர் விட்டமுள்ள கண்ணாடிக் கிண்ணம் இருக்கிறது. கிண்ணம் அசையாது; சூரியன் நகர நகர, மேலே இருக்கும் கொதிகுழாய் மட்டும் ஒளி குவியும் இடத்தைத் தேடி நகரும். அங்கே உண்டாகும் நீராவியில்தான் கீழே சமையல். வெயில் மங்கினால் டீசல் கொதிகலன் கைகொடுக்கும். திருமலையில் 2002இல் நூற்றுக்கும் மேற்பட்ட குழியாடிகளை நிறுவி, அன்னதானத்துக்கு நீராவி எடுத்தார்கள்.

ஊராட்சிப் பள்ளிக்கு அவ்வளவு பெரிய ஏற்பாடு தேவையில்லை. திருமலையில் வைத்தது வுல்ஃப்காங் ஷெஃப்லர் 1980களில் உருவாக்கிய குழியாடி வகை. அதன் சிறப்பு, ஒளி குவியும் புள்ளி இடம் மாறாமல் நிற்பது. ஆடி வெளியே வெயிலில் சுழலும். ஒளி சுவரில் விட்ட துவாரம் வழியே அடுப்படிக்கு வரும். சமைப்பவர் நிழலில் நிற்கலாம். மணிக்கு 15 பாகை வீதம் ஆடியைத் திருப்ப, சைக்கிள் சங்கிலியும் எடைக்கல்லும் கொண்ட கடிகார அமைப்பே போதும். மற்றவை இரும்புச் சட்டமும் கண்ணாடித் துண்டுகளும். வெல்டிங் பட்டறை இருக்கும் எந்தச் சிற்றூரிலும் செய்யக்கூடிய வேலை இது.

கணக்கும் இடிக்கவில்லை. தெளிந்த வெயிலில் 10 சதுர மீட்டர் ஆடியில் ஆறேழு கிலோவாட் நேரொளி விழும். பாதி வீணானாலும் மூன்று கிலோவாட்டுக்கு மேல் சூடு மிஞ்சும். அதே பரப்பில் பலகை தரும் மின்சாரம் ஏறக்குறைய இரண்டு கிலோவாட்.

பலகை விலை சரிந்துவிட்டதே, இண்டக்‌ஷன் அடுப்பு போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. விளக்குக்கும் மோட்டாருக்கும் பலகையே சரி. குழியாடியால் மின்சாரம் எடுக்க முயல்வது சிற்றூருக்குக் கட்டுப்படியாகாது. ஆனால், பழுதானால் உள்ளூரிலேயே சரிசெய்யக்கூடிய பொருளுக்குத் தனி மதிப்பு உண்டு. சமையல் எரிவாயுத் தேவையில் பாதிக்கும் மேல் இறக்குமதியாகும் நாட்டில், ஜவ்வாது மலைக்கும் கல்வராயன் மலைக்கும் சிலிண்டர் ஏற்றும் செலவையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

குறைகளை மறைக்க வேண்டியதில்லை. காலை உணவுத் திட்டத்துக்கு இது உதவாது. அந்த அடுப்பு வெயில் ஏறும் முன்பே எரிய வேண்டும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் கேஸ் அடுப்பு இருந்தே ஆக வேண்டும். மேகமும் தூசுமூட்டமும் நேரொளியைச் சிதறடிக்கும். கண்ணாடியைத் துடைக்கவும், காலையில் ஆடியைத் திருப்பி வைக்கவும் ஆள் இல்லையென்றால், எவ்வளவு நல்ல கலனும் துருப்பிடித்துக் கிடக்கும்.

ஆகவே, மானியம் கொடுத்துக் கருவியை இறக்கிவிட்டுக் கைகழுவும் வழக்கம் இதற்கு ஆகாது. உத்திரமேரூர் ஒன்றியத்தில் சில சத்துணவுக் கூடங்களைத் தேர்ந்து, மதிய உணவுக்கு மட்டும் இந்த அடுப்பை அரசு அமைக்கட்டும். வரைபடத்தைக் காப்புரிமைக்குள் பூட்டாமல், தொழிற்பயிற்சி நிலையங்களுக்கும் உள்ளூர்ப் பட்டறைகளுக்கும் தரட்டும். பராமரிப்புக்கு ஐந்து ஆண்டுத் தொகையை முதலிலேயே ஒதுக்கி, சமையல் பணியாளருக்குப் பயிற்சியும் அந்தக் கூடுதல் வேலைக்கு ஊதியமும் கொடுக்கட்டும். மிச்சமான சிலிண்டர் கணக்கை ஆண்டுதோறும் கிராம சபையில் வைத்து, அதைப் பார்த்து மலைக் கிராமங்களுக்கு விரிவுபடுத்தும் முடிவை எடுக்கலாம்.