பாசியின் பெயரும் அதன் இருப்பிடமும்

பாசி என்னும் தமிழ்ச் சொல் மிகத் தாராளமானது. குளத்து நீரில் மிதக்கும் பச்சை நூற்கற்றையும் பாசி. மாரிக்காலத்தில் மதிற்சுவரில் படரும் மாஸ் என்னும் சிறு தாவரமும் பாசி. பாறையில் வழுக்குவதும் பாசி. ஹிந்தியில் ‘காயி’ என்பதும் வங்காளியில் ‘ஷேஓலா’ என்பதும் இவ்வாறே பல பொருளைத் தழுவி நிற்பன. கிணற்றுப் படியில் கால் தவறியவனுக்குத் தாவர நூற் பாகுபாடு எதுவும் வேண்டியதில்லை. ஆனால் நீர்நிலைகளைப் பார்வையிடும் களப் பணியாளர் தம் பதிவேட்டில் ‘பாசி மிகுதி’ என்று மட்டும் எழுதிச் செல்வாராயின், அப்பதிவு யாருக்கும் பயன்படாது. சில சமயங்களில் தீங்கும் விளைவிக்கலாம்.

குளத்தின்மேல் பச்சை படர்ந்திருக்கிறது என்று கொள்வோம். அது ஸ்பைரோகைரா போன்ற நூற்பாசியாக இருக்கலாம். அல்லது மைக்ரோசிஸ்டிஸ் என்னும் நீலப்பச்சைப் பாசியாக இருக்கலாம். இப்பின்னது பாசி என்று வழங்கப்படினும் உண்மையில் பாக்டீரியா இனத்தைச் சேர்ந்தது. அதன் வகைகள் பல, கல்லீரலைத் தாக்கும் நஞ்சை உண்டாக்குவன. அந்நீரைப் பருகும் கால்நடைகள் மாண்டுபோவதுண்டு. முன்னது நஞ்சு அன்று. அளவு மிஞ்சினால் இரவில் நீரிலுள்ள பிராணவாயுவைக் குறைத்து மீன்களுக்கு இடர் செய்யும், அவ்வளவே. இரண்டையும் ஒரே பெயரால் எழுதி, இரண்டுக்கும் மயில்துத்தம் தூவச் சொல்வது பெரும் பிழை. மைக்ரோசிஸ்டிஸ் அணுக்கள் மயில்துத்தத்தால் சிதையும்போது, அவற்றினுள் அடங்கியிருந்த நஞ்சு முழுவதும் நீரில் கலந்துவிடும்.

இவற்றைப் பிரித்தறிய விலையுயர்ந்த கருவி ஏதும் தேவையில்லை. ஒரு கோலை நீரில் விட்டு எடுத்தால், நூற்பாசி கோலிலிருந்து இழைகளாகத் தொங்கும். மைக்ரோசிஸ்டிஸோ பச்சை வர்ணம் பூசினாற்போலக் கோலின்மேல் ஒட்டும். பள்ளியில் சாதாரண நுண்ணோக்கி ஒன்று இருப்பின், முதலுதவிப் பெட்டியிலுள்ள டிங்சர் அயோடினைச் சிறிது நீர் கலந்து ஒரு துளி விட்டால் போதும். பச்சைப் பாசிகள் தம் உணவை மாப்பொருளாகச் சேமிப்பவை. ஆதலால் அணுவினுள் கருநீலப் புள்ளிகள் தோன்றும். நீலப்பச்சைப் பாசியில் அவ்வாறு தோன்றா, யூக்ளினாவிலும் தோன்றா. இத்துணை எளிய சோதனை கல்லூரிச் சோதனைச் சாலைக்கு வெளியே அரிதாகவே செய்யப்படுகிறது என்பது வருந்தத்தக்கது.

இனி வகைப்பாட்டின் நிலையைப் பார்ப்போம். பள்ளிப் பாடங்களில் கிளாமிடோமோனாஸ், யூலோத்ரிக்ஸ், ஸ்பைரோகைரா ஆகிய மூன்றும் ஒரே வகுப்பின் பிள்ளைகளாக நெடுங்காலம் வைக்கப்பட்டன. தனி அணு, பந்து, நூல், தகடு என்று உருவத்தைக் கொண்டே முன்னோர் வரிசைப்படுத்தினர். எலெக்ட்ரான் நுண்ணோக்கி வந்தபின் அணு பிளவுறும் முறையும் நீந்தும் அணுக்களின் உள்ளமைப்பும் அளவுகோலாயின. 1984-இல் மேட்டாக்ஸ், ஸ்டூவர்ட் ஆகிய இருவரும் அவற்றைக் கொண்டு புதிய பாகுபாட்டை வகுத்தனர். பின்னர் மரபணு ஆராய்ச்சி வந்தது. இன்று பச்சைப் பாசிகள் இரு பெரும் கிளைகளாகப் பிரிக்கப்படுகின்றன. கிளாமிடோமோனாஸும் யூலோத்ரிக்ஸும் ஒரு கிளையில் வெவ்வேறு வகுப்புகளில் அமைய, ஸ்பைரோகைரா மறு கிளையில், நிலத் தாவரங்களின் பக்கம் நிற்கிறது. அது சேர்ந்துள்ள வகுப்பே நிலத் தாவரங்களுக்கு மிக நெருங்கிய உறவு என்பதை 2014-இல் வெளிவந்த விரிவான மரபணு ஒப்பீடு வலியுறுத்திற்று. யூலோத்ரிக்ஸைப் போலவே கிளையற்ற நூலாய், ஈரமண்ணிலும் சுவரடியிலும் வளரும் கிளெப்ஸார்மிடியமும் இந்த இரண்டாம் கிளையைச் சேர்ந்ததே. கண்ணுக்கு இரட்டையராகத் தோன்றுபவை குலத்தால் வேறாயின. 1890-இல் பையரிங்க் பெயரிட்ட குளோரெல்லாவின் கதையும் இதுவே. பச்சை உருண்டை யாவற்றையும் அப்பெயரால் அழைத்து வந்தனர். பின்பு அவற்றுட் பல வேறு பேரினங்களுக்கு மாற்றப்பட்டன.

‘பெயர்கள் இவ்வாறு மாறிக்கொண்டே இருக்குமாயின், எதனைக் கற்பிப்பது?’ என்று ஆசிரியர்கள் கேட்பது இயல்பு. இதற்கு விடை நம் நாட்டிலேயே கண்டறியப்பட்ட ஒரு பாசியில் இருக்கிறது. சென்னைப் பல்கலைக் கழகப் பேராசிரியர் எம். ஓ. பி. ஐயங்கார், தென்னிந்தியாவில் மழைநீர்க் குட்டைகள் வற்றும்போது அவற்றின் ஈரமண்ணில் வளரும் பாசி ஒன்றை 1932-இல் விவரித்து, ஆங்கிலப் பேராசிரியர் ஃப்ரிட்சின் பெயரால் ஃப்ரிட்ஷியெல்லா எனப் பெயரிட்டார். அதன் ஒரு பகுதி மண்ணுள் கிழங்குபோல் திரண்டு புதைந்திருக்கும்; வேரிழை ஒன்று கீழ்நோக்கிச் செல்லும்; கிளைத்த இழைகள் மண்ணுக்குமேல் எழும். மண் உலர்ந்ததும் மேற்பகுதி மடியும். கிழங்குப் பகுதி கோடையைத் தாங்கி நின்று, அடுத்த ஈரத்தில் மீண்டும் தளிர்க்கும். நிலத் தாவரங்கள் தோன்றிய வழியை இது காட்டுகிறது என்று பாட நூல்கள் பல காலம் கூறி வந்தன. மரபணுச் சான்றோ அதனைக் கிளாமிடோமோனாஸின் வகுப்பிலேயே வைத்தது. நிலத் தாவரங்களுக்கு அது நெருங்கிய உறவு அன்று. ஆயினும், அது எங்கே, எம்மண்ணில், எப்பருவத்தில், எவ்வாறு வளர்கிறது என்று ஐயங்கார் எழுதியதில் ஓர் எழுத்தும் பழுதாகவில்லை. நெருங்கிய உறவின்றியே இரு குலங்கள் வறண்ட மண்ணுக்கு ஒத்த முறையில் தம்மைப் பழக்கிக்கொண்டன என்பது, பழைய கருத்தினும் சுவையானதே.

இருப்பிடம் மட்டும் கண்டால் போதும் என்று இதனால் கொள்ளலாகாது. காயும் சேற்றின்மேல் கடுகளவுப் பச்சை மணிகளாகத் தோன்றும் பாட்ரிடியமும் புரோட்டோஸைஃபானும் ஒரே இடத்தில், ஒரே தோற்றத்தில், பல வேளை அருகருகே வளர்வன. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இரண்டும் ஒன்றாகவே மயங்கப்பட்டன. 1896-இல் கிளெப்ஸ் புரோட்டோஸைஃபானைத் தனியே பிரித்தார். முன் சொன்ன அயோடின் துளியே இங்கும் உதவும்: புரோட்டோஸைஃபானில் மாப்பொருள் உண்டு, பாட்ரிடியத்தில் இல்லை.

பச்சைப் பாசி பச்சையாகவே இருக்க வேண்டும் என்னும் எண்ணத்தையும் விட வேண்டும். மழை மிகுந்த மலைப்பகுதிகளில் மரப்பட்டையிலும் சுவரிலும் செங்காவிப் பட்டுப்போலப் படரும் டிரென்டிபோலியா, கரோட்டீன் நிறத்தால் பச்சை மறைந்த பச்சைப் பாசியே. அதன் உறவினமாகிய செஃபலூரஸ், தேயிலையில் செந்துரு நோயை உண்டாக்குகிறது. துரு என்றவுடன் பூஞ்சை என நினைப்போர் பலர். இப்பாசி பெரும்பாலும் வடிகால் இல்லாத நிலத்திலும் பொட்டாஷ் குறைந்த மண்ணிலும் நலிந்து நிற்கும் செடியையே பற்றும்; ஆகவே மருந்து தெளிப்பதோடு நில்லாமல் மண்ணையும் கவனிக்க வேண்டும்.

இந்திய விவசாய ஆராய்ச்சிக் கவுன்சில் வெளியிட்ட ரந்தாவாவின் நூல் 1959-லும், ராமநாதனின் நூல் 1964-லும், பிலிபோஸின் நூல் 1967-லும் வெளிவந்தன. அவற்றிலுள்ள பாகுபாடு இன்று பல இடங்களில் திருத்தம் பெற்றுவிட்டது. விளக்கங்களும் படங்களும் இன்னும் பயன்படுகின்றன. களப் பணியாளர் சேகரிக்கும் குப்பியின் சீட்டிலும் நாள், இடம், நீர் ஓடுவதா தேங்கியதா, ஆழம், நிழல், அடிமண், கால்நடை இறங்குமா என்னும் விவரங்கள் முதலில் எழுதப்பட வேண்டும். பெயர் பின்னர் வரலாம். பெயரெழுதும் இடத்தை வெறுமையாக விடுவதில் இழுக்கு ஒன்றுமில்லை.

நுண்ணோக்கி இல்லாத பள்ளிகளிலும் ஒன்று செய்யலாம். கோடையில் வற்றிய குட்டையின் மேல்மண்ணைச் சிறிது சுரண்டி எடுத்து, கண்ணாடித் தட்டில் இட்டு, காய்ச்சி ஆறிய நீரால் ஈரமாக்கி, நேர்வெயில் படாத சன்னல் ஓரத்தில் மூடி வைத்தால், சில வாரங்களில் பச்சை தோன்றும். எத்தனையாம் நாளில், எந்தப் பக்கத்தில், புள்ளியாகவா நூலாகவா தோன்றிற்று என்பதை மாணவர் தம் குறிப்பேட்டில் வரைந்து வைக்கலாம்.