மதியம் இரண்டு மணி மேகமும் உங்கள் பள்ளிக் கூரையும்

மாணவர்களே, இன்று பள்ளி முடிந்து வீடு திரும்பும்போது ஒருமுறை வானத்தைப் பாருங்கள். காலையில் பளிச்சென்று இருந்த வானத்தில் நண்பகலுக்குமேல் பஞ்சுப்பொதிபோல மேகங்கள் எழும்பியிருக்கும். பல நாள்களில் அவை மூன்று, நான்கு மணிக்குள் கறுத்து, இடியோடு கொட்டித் தீர்த்துவிடும். கிள்ளான் பள்ளத்தாக்கில் வாழ்பவர்களுக்கு இதில் புதுமை ஒன்றும் இல்லை. ஆனால், அந்த மேகம் எத்தனை மணிக்கு, எந்தக் கூரைக்குமேல் வந்து நிற்கும் என்பதை ஒரு மணி நேரத்துக்கு முன்பே சொல்லச் சொன்னால், பெரிய பெரிய ஆய்வாளர்களே தலையைச் சொறிகிறார்கள். அந்தக் கணக்கில் உங்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. அதை நாம் செய்யாமல் விட்டால், நம் வானத்துக்காக வேறு யாரும் வந்து செய்யப்போவதில்லை என்பது என் கருத்து.

மேகத்தைப் பற்றி மின்சாரக்காரர்களுக்கு ஏன் கவலை? மின்கட்டமைப்பில் ஒவ்வொரு நொடியும் உற்பத்தியும் பயன்பாடும் சமமாக இருக்க வேண்டும். சமநிலை தவறினால் 50 ஹெர்ட்ஸில் ஓட வேண்டிய அலைவெண் ஏறும் அல்லது இறங்கும். அளவு மீறினால் மின்தடைதான். சூரியத் தகட்டின்மேல் அடர்ந்த மேகம் வந்தால், சில நிமிடங்களில் அதன் உற்பத்தி பாதிக்கும் கீழே போய்விடும். அந்த இழப்பை ஈடுகட்ட எரிவாயு நிலையங்களை முன்கூட்டியே தயார்நிலையில் ஓட்டிக்கொண்டிருக்க வேண்டும். மேகம் வராமல் போனாலும் அந்த எரிவாயு எரிந்தது எரிந்ததுதான். முன்கணிப்பு எவ்வளவு துல்லியமோ, அந்த அளவுக்கு இந்தக் காவல் எரிபொருள் மிச்சம். 2050க்குள் மின் உற்பத்தித் திறனில் 70 விழுக்காட்டைப் புதுப்பிக்கத்தக்க ஆற்றலிலிருந்து பெற மலேசியா இலக்கு வைத்திருக்கிறது. அதில் பெரும்பங்கு சூரிய ஒளிதான். அந்தக் கட்டமைப்பை நடத்தும் வயதில் இருக்கப்போகிறவர்கள் நீங்கள்.

இந்த முன்கணிப்பு வேலையில் நல்ல பகுதி ஒன்று திறந்த மூல மென்பொருளாக நடக்கிறது. அதாவது நிரலை யாரும் படிக்கலாம், இயக்கலாம், திருத்தம் சொல்லலாம். இரண்டு திட்டங்களை மட்டும் சொல்கிறேன். ஒன்று, அமெரிக்காவின் சாண்டியா தேசிய ஆய்வகத்தில் தோன்றி, இன்று பல நாட்டினர் சேர்ந்து வளர்க்கும் ‘பிவிலிப்’. சூரியன் எந்தக் கோணத்தில் நிற்கிறது, தகட்டில் எவ்வளவு ஒளி விழும், தகடு எவ்வளவு சூடாகும், எத்தனை வாட் கிடைக்கும் என்ற இயற்பியல் கணக்கைப் பைதான் மொழியில் செய்துகொடுக்கும். இன்னொன்று, இலண்டனில் 2019இல் தொடங்கிய ‘ஓப்பன் கிளைமேட் ஃபிக்ஸ்’ என்னும் இலாப நோக்கற்ற அமைப்பின் முன்கணிப்பு மென்பொருள்கள். செயற்கைக்கோள் படங்களையும் வானிலைத் தரவுகளையும் கொண்டு இயந்திரக் கற்றல்வழி கணிப்பவை அவை. அவற்றுள் ஒன்றுக்கு உங்கள் இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை, தகடுகளின் திறன் ஆகிய மூன்றையும் கொடுத்தால் போதும். அடுத்த 48 மணி நேரத்துக்கான உற்பத்தியைச் சொல்லிவிடும்.

சிக்கல் இங்கேதான். அந்த மென்பொருள் பாடம் கற்றது பிரிட்டன் கூரைகளின் தரவுகளைக் கொண்டு. பிரிட்டனின் மேகங்கள் பெரும்பாலும் பெரிய கூட்டமாகக் கடலிலிருந்து நகர்ந்து வருபவை. இப்போது எங்கே இருக்கின்றன, எந்தப் பக்கம் போகின்றன என்று தெரிந்தால் அடுத்த ஒரு மணி நேரத்தை ஓரளவு சொல்லிவிடலாம். நம் மதிய மேகம் அப்படி நகர்ந்து வருவதில்லை. காலை வெயிலில் சூடான நிலத்திலிருந்து ஈரக்காற்று மேலெழும்பி, இருந்த இடத்திலேயே முளைத்து வளர்கிறது. நம் பகுதியைப் படமெடுக்கும் ஜப்பானின் ஹிமாவாரி செயற்கைக்கோள் பத்து நிமிடங்களுக்கு ஒரு படம் தருகிறது. அரை மணியில் ஒரு மேகம் வளர்ந்து இடிமேகமானால், அதைப் பற்றி நமக்குக் கிடைப்பது மூன்றே படங்கள். நகர்வைக் கணிக்கப் பழகிய மென்பொருள், முளைப்பதைக் கண்டு திகைக்கத்தானே செய்யும்?

எல்லா மேகமும் அப்படி ஏமாற்றுவதில்லை. ‘சுமாத்ரா’ என்று மேற்குக் கரைக்காரர்கள் சொல்வார்களே, விடியற்காலையில் மலாக்கா நீரிணையைத் தாண்டி வரிசைகட்டி வந்து வீசும் புயற்காற்று மழை, அதை ஓரளவு துரத்திப் பிடித்துவிடலாம். பிறகு புகைமூட்டம். 2015லும் 2019லும் நாம் முகக்கவரி அணிந்து திரிந்த நாள்களில் மேகமே இல்லாமல் வெயில் மங்கிக் கிடந்தது. வாரக்கணக்கில் காட்டுத்தீப் புகைக்குள் கிடப்பது எப்படி என்பது பிரிட்டன் கூரைத் தரவுக்குத் தெரியாது. இவற்றையெல்லாம் மென்பொருளுக்குக் கற்றுத்தர வேண்டுமானால், இங்குள்ள கூரைகளின் உண்மையான எண்கள் வேண்டும். நிரல் எழுதத் தெரிந்தவர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள். பத்துக் காஜாவில் நேற்று மதியம் 2.10க்கு என்ன நடந்தது என்பதைப் பத்துக் காஜாவில் இருப்பவர்தான் தர முடியும்.

“எனக்குப் பைதான் தெரியாதே, சார்” என்று வகுப்பில் எழும் குரல் எனக்குக் கேட்கிறது. தெரியாவிட்டால் பரவாயில்லை. பிரிட்டனில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்னும் திறந்த வரைபடத்தில், தன்னார்வலர்கள் வான்படங்களைப் பார்த்தும் தெருவில் நடந்தும் வீட்டுக் கூரைகளிலுள்ள சூரியத் தகடுகளை ஒவ்வொன்றாகக் குறித்தார்கள். அந்தக் குறிப்புகளை அரசுப் பட்டியல்களோடு சேர்த்து 2020இல் வெளியிட்ட தரவுத் தொகுப்பில் 260,000க்கும் மேற்பட்ட சூரிய மின் அமைப்புகள் இடம்பெற்றன. தகடு எங்கே இருக்கிறது என்று தெரிந்தால்தானே, எந்த மேகம் எதை மறைக்கும் என்று சொல்ல முடியும்?

நம் ஊரில் இதைச் செய்ய உள்ளூர்க் கண் வேண்டும். நம் தாமான் வீடுகளின் கூரையில் இருப்பதெல்லாம் மின்சாரத் தகடு இல்லை. பல வீடுகளில் இருப்பது குளியல் நீரைச் சூடாக்கும் சாதனம். மேல் விளிம்பில் படுக்கவைத்த உருளைத் தொட்டி இருந்தால் அது பெரும்பாலும் வெந்நீருக்கானது. வெளிநாட்டில் உட்கார்ந்து படத்தைப் பார்ப்பவர் இரண்டையும் குழப்பிக்கொள்வார். அந்தத் தெருவில் மிதிவண்டி ஓட்டும் நீங்கள் குழப்பிக்கொள்ள மாட்டீர்கள். வரைபடத்தில் இரண்டுக்கும் தனித்தனி அடையாளக் குறிகள் உண்டு.

பள்ளிக் கூரையில் தகடு இருந்தால் வேலை இன்னும் சுவையானது. இன்வெர்ட்டர் ஒவ்வொரு சில நிமிடத்துக்கும் எத்தனை கிலோவாட் என்று பதிவுசெய்து வைத்திருக்கும். தலைமையாசிரியரின் அனுமதியோடு அந்தப் பதிவைக் கேட்டு வாங்குங்கள். கூரைமேல் ஏறாதீர்கள், அது உங்கள் வேலை இல்லை. வீட்டு இன்வெர்ட்டர் பதிவானால் பெற்றோரின் சம்மதம் இல்லாமல் எங்கும் ஏற்றாதீர்கள். ஒரு வீட்டின் மின்பதிவு அந்த வீட்டாரின் அன்றாடத்தைப் பற்றி நிறையச் சொல்லிவிடும்.

பதிவு கையில் வந்ததும் ஒரு போட்டி வையுங்கள். முதலில் சோம்பேறிக் கணிப்பு: ஒரு மணி நேரம் கழித்தும் இப்போதுள்ள அளவுதான் இருக்கும் என்று எழுதுங்கள். அடுத்து, கொஞ்சம் புத்திசாலிக் கணிப்பு. காலை 9 மணிக்கு வானம் தெளிவாக இருந்தால் 4 கிலோவாட் கிடைத்திருக்கும், ஆனால் கிடைத்தது 3.2 என்று வைத்துக்கொள்வோம். அது 80 விழுக்காடு. 10 மணிக்குத் தெளிந்த வானத்தில் 6 கிலோவாட் கிடைக்குமானால், அதில் 80 விழுக்காடு, அதாவது 4.8 என்று கணியுங்கள். தெளிந்த வானக் கணக்கைப் பிவிலிப் தரும். மூன்றாவதாக, இலண்டன் மென்பொருளின் கணிப்பு. மூன்றின் சராசரிப் பிழையையும் ஒரு மாதத்துக்குப் போட்டுப் பாருங்கள். அந்தப் பெரிய மென்பொருள் உங்கள் பள்ளிக் கூரையில் சோம்பேறிக் கணிப்பிடம் தோற்கும் மணி நேரங்கள் இருந்தால், அவற்றைத் தனியே எடுத்து வையுங்கள். திட்டத்தை நடத்துபவர்களுக்கு அந்தப் பட்டியல் பாராட்டுக் கடிதத்தைவிடப் பெரிது.

ஒரு பொறி இருக்கிறது, நேரம். நம் கடிகாரத்தில் 12 மணி என்றால் சூரியன் உச்சியில் இருப்பதாக நினைக்கிறோம். கோலாலம்பூரில் அப்படி நடப்பதே இல்லை. நம் கடிகாரம் 120 பாகை கிழக்குத் தீர்க்கரேகைக்கு உரியது. கோலாலம்பூர் இருப்பதோ ஏறத்தாழ 101.7 பாகையில். பாகைக்கு 4 நிமிடம் என்று பெருக்கினால் 73 நிமிடம் வரும். ஆகவே சூரியன் சராசரியாக 1.13 மணிக்குத்தான் உச்சிக்கு வருகிறது; பிப்ரவரி நடுவில் 1.27 வரை போகும், நவம்பர் தொடக்கத்தில் 12.57க்கே வந்துவிடும். 1982 சனவரி 1இல் தீபகற்பத்தின் கடிகாரத்தை அரை மணி முன்னே தள்ளி, சபா சரவாக்கோடு ஒன்றாக்கினார்கள். அதன் விளைவில் ஒரு பங்கு இது. இனி, எந்த நாட்டு நேரம் என்று குறிப்பிடாமல் ‘12.00’ என்று மட்டும் எழுதிய பதிவைப் பிவிலிப்பிடம் கொடுத்தால், அது அதை உலகப் பொது நேரம் என்று எடுத்துக்கொள்ளும். நமக்கு அது இரவு 8 மணி. சூரியன் மறைந்துவிட்டது, தகடோ 7 கிலோவாட் தருகிறது! அத்திட்டத்தின் வழிகாட்டியில் நேர மண்டலத்துக்கென்றே தனிப் பக்கம் வைத்திருக்கிறார்கள் என்றால், எத்தனை பேர் இதில் வழுக்கியிருப்பார்கள் என்று பாருங்கள்.

வெப்பநிலையும் அப்படித்தான். தகட்டின் பின்புறம் ஒட்டிய தட்டையில் எழுதியிருக்கும் திறன் 25 பாகை செல்சியசுக்கு உரியது. நம் வெயிலில் தகடு 60 பாகையைத் தொட்டால், பாகைக்கு 0.4 விழுக்காடு என்ற வகையில் 14 விழுக்காடு பறிபோகும். படிவம் நான்கு மாணவர் இதைத் தாளில் போட்டுவிடலாம்.

இனி ஒரு கண்டிப்பு. சான்றிதழுக்காகவும் புறப்பாட மதிப்பெண்ணுக்காகவும் இதில் இறங்காதீர்கள். 2020 அக்டோபரில், நான்கு திருத்தம் அனுப்பினால் டி-சட்டை தருவதாக நடந்த ஹாக்டோபர்ஃபெஸ்ட் நிகழ்வில், பொருளே இல்லாத திருத்தங்கள் வந்து குவிந்தன. திட்டங்களை நடத்துபவர்கள் வெறுத்துப்போக, ஏற்பாட்டாளர்கள் நிகழ்வு நடந்துகொண்டிருக்கும்போதே விதியை மாற்ற நேர்ந்தது. இன்று செயற்கை நுண்ணறிவுச் செயலியிடம் கேட்டு வாங்கிய நிரலைப் படித்துக்கூடப் பார்க்காமல் அனுப்புவதும் அதே வகைதான். மறுமுனையில் அதைப் படித்துப் பார்ப்பவரும் பெரும்பாலும் சம்பளமில்லாத தன்னார்வலர். நீங்கள் விளக்கிச் சொல்ல முடியாத ஒரு வரியைக்கூட அனுப்பாதீர்கள். வழிகாட்டியில் புரியாத ஒரு வாக்கியத்தைச் சுட்டிக்காட்டி, “இது இப்படி இருந்தால் புரியும்” என்று எழுதினால், அது சின்னது என்றாலும் உண்மையான உதவி.

“எஸ்.பி.எம். படிக்க வேண்டிய பிள்ளைகளை எதற்கு இழுக்கிறீர்கள்?” என்று சில பெற்றோர் கேட்பார்கள். வாரத்துக்கு இரண்டு மணி நேரம் போதும். அலைவெண், வெப்பம், சராசரி, பிழை என்று அதில் வருவது பாதி பாடத்திட்டம்தான். இதைவிடக் கூர்மையான கேள்வியை மாணவர்களே கேட்பார்கள்: “நாம் இலவசமாக உழைக்க, நிறுவனங்கள் இலாபம் பார்க்குமே?” பார்க்கும். உரிமம் அதற்கு இடம் கொடுக்கிறது. அதை மறைப்பதில் பயனில்லை. ஆனால் அதே உரிமம்தான், ஒரு ரிங்கிட் செலவில்லாமல் அந்த மென்பொருளைத் திறந்து, நம் ஊருக்கு எங்கே தவறுகிறது என்று பார்க்கும் வாய்ப்பையும் உங்களுக்குத் தருகிறது. பூட்டிய பெட்டியாக வாங்கினால் தவறான கணிப்பையும் காசு கொடுத்தே வாங்குவோம்.

நிரல்களும் குறை அறிக்கைகளும் இருக்கும் கிட்ஹப் தளத்தில் கணக்குத் தொடங்க 13 வயது ஆகியிருக்க வேண்டும். அதற்கு முன்பே செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. அடுத்த வெயில் நாளில் பள்ளித் திடலில் ஒரு குச்சியை நேராக நட்டு, 12.30 தொடங்கி 1.45 வரை ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை நிழலின் நீளத்தை அளந்து எழுதுங்கள். குச்சி ஒரு மீட்டராவது இருக்கட்டும். சூரியன் நேர் உச்சிக்கு வரும் மார்ச், செப்டம்பர் மாதங்களைத் தவிர்த்துவிடுங்கள். அப்போது நிழல் அளக்க முடியாத அளவுக்குச் சுருங்கிவிடும். நிழல் மிகக் குட்டையான நேரம் பினாங்கில் சராசரியாக 1.19, ஜொகூர் பாருவில் 1.05 என்று வர வேண்டும். கூச்சிங் மாணவர்கள் 12 மணிக்கே தொடங்க வேண்டும். அங்கே அது 12.39. உங்கள் குச்சி என்ன சொல்கிறது என்பதைத் தேதியோடும், நேரத்துக்குப் பக்கத்தில் ‘மலேசிய நேரம்’ என்ற குறிப்போடும் எழுதி வையுங்கள்.