ஆபரேட்டர் எங்கே போனார்? 'செல்லோ ஷோ' கிளறும் தியேட்டர் ஞாபகங்கள்!

ஓசூர் பக்கம் 'ஆபரேட்டர்' என்றால் இன்று ஒரே அர்த்தம்தான். சிப்காட் கம்பெனியில் மெஷின் ஓட்டுபவர். ஞாயிற்றுக்கிழமை கெலவரப்பள்ளி அணைக்குக் குடும்பத்தோடு வருகிறவர்களில் பலருக்கு அதுதான் வேலை.

ஆனால், நாற்பதைத் தாண்டியவர்களைக் கேளுங்கள். அந்த வார்த்தைக்கு இன்னோர் அர்த்தமும் சொல்வார்கள். சொந்த ஊர் தியேட்டரில், பின்சுவர் ஓட்டை வழியாக வெளிச்சம் அனுப்பிக்கொண்டிருந்தவர். ஃபிலிம் அறுந்தால் மொத்தக் கூட்டமும் திரும்பிப் பார்த்து விசிலடித்துத் திட்டிய ஆள்!

அந்த ஆபரேட்டரையும், அவரோடு ஒட்டிக்கொண்ட ஒரு சிறுவனையும் பற்றிய குஜராத்திப் படம்தான் 'செல்லோ ஷோ'. 'கடைசிக் காட்சி' என்று அர்த்தம். பான் நளின் இயக்கிய இந்தப் படம் 2022 அக்டோபரில் தியேட்டருக்கும், அடுத்த மாதமே நெட்ஃப்ளிக்ஸுக்கும் வந்தது. இந்தியா சார்பில் ஆஸ்கருக்குப் போய், சர்வதேசப் படங்கள் பிரிவில் கடைசி 15-க்குள் இடம்பிடித்தது.

டிபன் பாக்ஸ் கொடுத்தால் சினிமா!

சலாலா கிராமத்தில் ஒன்பது வயது சமய். அப்பா ரயில்வே ஸ்டேஷனில் டீக்கடை வைத்திருக்கிறார். ரயில் நின்றதும் ஜன்னல் ஜன்னலாக ஓடி டீ விற்பது சமய்யின் வேலை. 'சினிமாவெல்லாம் நல்ல குடும்பத்துக்கு ஆகாது' என்பது அப்பாவின் கட்சி. பக்திப் படம் என்பதால் ஒரே ஒருமுறை மட்டும் எல்லோரையும் கூட்டிப்போகிறார். அன்று பையன் சாமியைவிட அதிகமாகப் பார்த்தது, தலைக்கு மேலே போன வெளிச்சத்தை.

அவ்வளவுதான், ஸ்கூலுக்குக் கட். டிக்கெட் இல்லாமல் நுழைந்து மாட்டிக்கொள்கிறான். அப்போது கிடைப்பவர்தான் ஆபரேட்டர் ஃபசல். அம்மா கட்டித் தரும் டிபன் பாக்ஸ் அவருக்கு. புரொஜக்டர் ரூமில் படம் இவனுக்கு. இப்படி ஓர் ஒப்பந்தம்!

இதோடு நிற்கிறார்களா பொடியன்கள்? ஃபிலிம் சுருளைத் திருடி, கிடைத்த ஓட்டை உடைசலை வைத்துத் தாங்களே புரொஜக்டர் செய்கிறார்கள். சத்தம் வராது. அதனால் என்ன, தாங்களே சத்தம் கொடுத்தால் போச்சு!

கதைக்கு வேர், இயக்குநரின் சொந்தச் சிறுவயது. அவருடைய அப்பாவும் ரயில்வே ஸ்டேஷனில் டீ விற்றவர்தான்.

உருகிப்போன மெஷின்

பிறகு டிஜிட்டல் வருகிறது. நம் ஊரிலும் 'பெட்டி வந்தாச்சா?' என்று பஸ் ஸ்டாண்டில் காத்திருந்த காலம் அப்படித்தான் முடிந்தது. புரொஜக்டரை லாரியில் ஏற்றுகிறார்கள். சமய் பின்னாலேயே போகிறான். மெஷினை உருக்கி ஸ்பூன் செய்கிறார்கள். ஃபிலிம் சுருள்கள் கலர் கலராக வளையல்களாகின்றன. உலையும் அச்சும் பார்த்துப் பழகிய ஓசூர்க்காரர்களுக்கே நெஞ்சு கனக்கும் காட்சி அது.

மெஷின் ஸ்பூன் ஆனது. ஃபிலிம் வளையல் ஆனது. ஃபசல் என்ன ஆனார்?

வினாடிக்கு 24 படம் ஓடும் ஃபிலிமை அறுந்துபோகாமல் மாட்டத் தெரியும். ஒரு ரீல் முடிந்து அடுத்த ரீல் தொடங்குவது ரசிகனுக்குத் தெரியாதபடி மாற்றத் தெரியும். ஆனால், புது மெஷினுக்கு கம்ப்யூட்டரும் இங்கிலீஷும் வேண்டும். அது ஃபசலுக்குத் தெரியாது. கற்றுக்கொடுக்கவும் யாருக்கும் நேரமில்லை. அத்தனை வருட அனுபவம் ஒரே நாளில் செல்லாக்காசு.

சமய்யை அப்பா கடைசியில் படிக்க ரயிலேற்றி அனுப்புகிறார். ரயிலில் பெண்கள் கைகளில் குலுங்கும் வளையல்களில் அவன் சினிமாவைப் பார்க்கிறான். அழகான முடிவுதான். ஆனால், ஃபசல் அந்த ரயிலில் இல்லை. பழைய தியேட்டர் ஞாபகம் சமய்க்கு இனிக்கிறது, ஏனென்றால் அவன் கிளம்பிவிட்டான். வேலையும் போய், ஊரிலேயே நிற்பவருக்கு அதே ஞாபகம் எப்படி இனிக்கும்?

சிப்காட் ஆபரேட்டர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நிமிர்ந்து உட்காரலாம். அங்கேயும் மெஷின்கள் மாறிக்கொண்டேதான் இருக்கின்றன. புது மெஷின் வருவதில் தப்பில்லை. பழைய மெஷினை ஓட்டியவருக்குப் புதிதைக் கற்றுக்கொடுக்க ஆள் இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

இந்த வாரம் படத்தைக் குடும்பத்தோடு பாருங்கள். முடிந்ததும் தாத்தா, பாட்டியிடம் அவர்கள் ஊர் தியேட்டரைப் பற்றிக் கேளுங்கள். தியேட்டர் பெயர், தரை டிக்கெட் விலை, முதலில் பார்த்த படம், இடைவேளை முறுக்கு எல்லாம் கடகடவென்று வரும்.

அப்படியே, அந்த ஆபரேட்டரின் பெயரையும் கேட்டுப் பாருங்கள்.