கையில் அந்த 'உர்ர்' இருக்கிறதா?

மேலப்பாளையத்தில் தெரிந்த வீடு ஒன்று. வாப்பாவுக்கு வாரம் இரண்டு முறை டயாலிசிஸ். பார்க்கப் போயிருந்தபோது மகள் சாவகாசமாகச் சொன்னாள்: "கையில அந்த 'உர்ர்' ரெண்டு நாளா கம்மியா இருக்கு. வியாழக்கிழமை டயாலிசிஸுக்குப் போறப்ப சொல்லிக்கிடலாம்னு இருக்கோம்."

எனக்குப் பகீரென்றது. "இப்பவே கிளம்புங்க!" என்றேன்.

கையில் தமனியையும் சிரையையும் இணைத்துத் தைப்பதுதான் ஃபிஸ்டுலா. 1966-ல் நியூயார்க் டாக்டர்கள் வெளியிட்ட முறை. சிரை பாவம், மெல்ல ஓடும் ரத்தத்துக்கே பழகியது. திடீரென்று தமனியின் வேகமும் அழுத்தமும் பாய்ந்தால்? உள்சுவரில் தசை செல்கள் பெருகி, தழும்பு மாதிரி தடித்துப் போகிறது. பெரும்பாலும் தையலுக்குச் சற்று மேலே. நேரான குழாய்க் கணக்குப்படி, விட்டம் பாதியானால் ஓட்டம் 16-ல் ஒரு பங்குதான்! அப்புறம் ரத்தம் உறைவதற்கு எவ்வளவு நேரம்? குறுகும்போதே பிடித்தால் பலூன் வைத்து விரிக்கலாம். அடைத்துவிட்டால் பல பேருக்குக் கழுத்தில் குழாய், கிருமி பயம், மறுபடி ஆபரேஷன்.

உப்பையும் தண்ணீரையும் அளந்து கொடுக்கிறோம்; கையை மறந்துவிடுகிறோம். எல்லாம் டாக்டர் பாடு என்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அவர் பார்ப்பது வாரத்தில் சில மணி நேரம். மற்ற நேரமெல்லாம் கை நம் வீட்டில்தானே இருக்கிறது? தினமும் தொட்டுப் பாருங்கள், காது வைத்துக் கேளுங்கள். ஓசை விசில் மாதிரி கீச்சிட்டாலோ, அதிர்வு குறைந்தாலோ, ஊசி எடுத்த இடத்தில் ரத்தம் நிற்க நேரமானாலோ அன்றே காட்டுங்கள். அந்தக் கையில் பி.பி. பார்க்கவும் ரத்தம் எடுக்கவும் விடாதீர்கள்.

வாப்பாவுக்குப் பலூன் வைத்து விரித்தாயிற்று. இப்போதெல்லாம் சுபுஹு தொழுகை முடிந்ததும் மகள் கையைத் தொட்டுப் பார்த்த பிறகுதான் அவருக்கு டீ.