தூசுக்குள் ஒரு தட்டு

சிலியின் அல்மா தொலைநோக்கி 2020-இல் காட்டிய எஸ்பிடி0418-47 படத்தைப் பாருங்கள். பொன் வளையல் போல ஓர் ஒளி வட்டம். 1,200 கோடி ஆண்டுகளுக்கு முன், தூசு மூடியபடி மும்முரமாக விண்மீன்களை உருவாக்கிக்கொண்டிருந்த விண்மீன் மண்டலம் அது. குறுக்கே நிற்கும் வேறொரு மண்டலத்தின் ஈர்ப்பு அந்த ஒளியை வளைத்து, சுமார் 30 மடங்கு கூட்டித் தந்தது. கணினியில் வளைவை நிமிர்த்தினால், சீராகச் சுழலும் ஒரு தட்டு! பிரபஞ்சத்துக்கு 140 கோடி வயதே ஆன காலத்தில் எங்கும் கொந்தளிப்புதான் என்ற எண்ணம் ஆட்டம் கண்டது. தூசு விண்மீன்களின் ஒளியை விழுங்கி வெப்பக் கதிராக உமிழ்கிறது. பிரபஞ்சம் விரிவதால் அந்தக் கதிரின் அலை நீண்டு, நம்மை வந்தடையும்போது மில்லிமீட்டர் அலையாகிவிடுகிறது. கண்ணுக்குத் தெரியும் ஒளியை மட்டும் நம்பியிருந்தால் இந்தத் தட்டு சிக்கியிருக்காது. அல்மாவின் தரவுக் கிடங்கு எல்லோருக்கும் திறந்தே கிடக்கிறது. இயற்பியல் படிக்கும் பிள்ளைகளே, அதற்குள் இறங்கிப் பாருங்கள்.